அடுக்கு மரப்பெட்டிகள்: ஒன்று இறுகிக்கொள்கிறது, ஒன்று ஆடுகிறது. கோளாறு எங்கே?

புதுக்கை எழுதியது:

வணக்கம். புத்தகங்கள், கருவிகள் வைக்க ஒன்றின் மேல் ஒன்று அடுக்குகிற மாதிரி நான்கு மரப்பெட்டிகள் வீட்டிலேயே செய்தேன். பைன் பலகை, 15 மி.மீ. கனம். வெளியளவு 400 × 300, உயரம் 250. நீளப் பலகைகள் இரண்டும் வெளியே, குட்டைப் பலகைகள் இரண்டும் அவற்றுக்கு நடுவே, நீளப் பலகை வழியாக ஆணி. அடிப்பக்கத்துக்குச் சிறு பலகைகளைக் குறுக்கே இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டு, அவற்றுக்கும் பக்கவாட்டில் இருந்தே ஆணி. அடியில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்), கீழே 10 மி.மீ. துருத்திக்கொண்டு, அது கீழ்ப்பெட்டியின் வாய்க்குள் இறங்கி உட்கார வேண்டும்.

செய்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது. மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு பெட்டிகள் வாய்க்குள் இறங்கவே மாட்டேன் என்கின்றன, தட்டி இறக்கினால் கழற்ற முடியவில்லை. இன்னொன்று தாராளமாக இறங்குகிறது, ஆனால் மூலைக்கு மூலை ஆடுகிறது. வாயை அரம் போட்டுப் பெரிதாக்கிவிடலாமா? இல்லை, எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

இழைப்புளி எழுதியது:

அரத்தைத் தொடாதீர்கள். வாய் சுருங்கியிருக்காது. இறுகுகிற பெட்டியை எடுத்து, மூலையில் வெளிப்பக்கமாக விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். மேலே நீளப் பலகையின் முனையும் குட்டைப் பலகையும் சமமாக இருந்து, கீழே வரவர குட்டைப் பலகை கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறதா? அதைச் சொல்லுங்கள், மீதியைப் பேசலாம்.

புதுக்கை எழுதியது:

ஆமாம்! கீழே நன்றாகவே தட்டுப்படுகிறது, கிட்டத்தட்ட 2 மி.மீ. இருக்கும். மேலே ஒன்றும் இல்லை. ஆடுகிற பெட்டியில் அப்படி எதுவும் தெரியவில்லை.

இழைப்புளி எழுதியது:

அப்படியென்றால் இரண்டும் வேறு வேறு கோளாறு, தனித்தனியாகவே பாருங்கள்.

முதலில் இறுகுவது. மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய நீளவே நீளாது, அகலவாக்கில்தான் ஈரம் குடித்து உப்பும். பைன் பலகையில் ஈரம் ஒரு சதவீதம் ஏறினால் அகலம் கால் சதவீதம் அளவுக்குக் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் அடிப்பலகைகள் எல்லாம் சேர்ந்து 370 மி.மீ. அகலம். வறண்ட நாளில் செய்த பெட்டியில் மழைக்காலத்தில் ஈரம் 6 சதவீதம் ஏறினால் 5 மி.மீ.க்கு மேல் அகலும். நடுவே இடைவெளி விடாததால் அது போக வேறு வழியில்லை, குட்டைப் பலகையை வெளியே நெட்டுகிறது. அடியில் அடித்த ரீப்பர்கள் அந்தப் பலகைகளோடு ஒட்டிக்கொண்டு அவையும் நகர்கின்றன. ஆனால் கீழ்ப்பெட்டியின் வாய் நீளத்தை நிர்ணயிப்பது நீளப் பலகைகள், அங்கே நார் நீளவாக்கில் ஓடுவதால் வாய் அதே 370தான். இப்போது வாயை அரத்தால் பெரிதாக்கினால் வெயில் வந்ததும் தொளதொள என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அடிப்பலகையின் வெட்டுமுனையில் இறங்குகிற ஆணிக்குப் பிடிப்பு குறைவு. பெட்டி நிறைய புத்தகம் என்றால் சுமார் 20 கிலோ வரும், அவ்வளவும் அந்த ஆணிகளில்தான் தொங்குகிறது.

சரி, என்ன செய்யலாம். அடியை மட்டும் கழற்றுங்கள், சுவர்களைப் பிரிக்க வேண்டாம். குட்டைப் பலகையை ஒரு கட்டை வைத்துத் தட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, உள்மூலை நான்கிலும் 25 × 25 சட்டம் வைத்துப் பசை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள் (முதலில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் பலகை பிளக்கும்). சட்டத்தின் உயரம் பெட்டியின் உயரத்தைவிட 40 மி.மீ. குறைவாக இருக்கட்டும், மேலே 15, கீழே 25 என்று விட்டு. மேலே விடுவது அடுத்த பெட்டியின் ரீப்பர் இறங்க. கீழே விடுவது அடிப்பலகைக்கு.

அப்புறம் 25 மி.மீ. உயரமுள்ள ரீப்பரை நான்கு சுவரின் உள்பக்கமும் கீழ் விளிம்பில், 15 மி.மீ. உள்ளே, 10 மி.மீ. வெளியே துருத்தும்படி முடுக்குங்கள். அதன் மேல் 9 மி.மீ. பிளைவுட் ஒரே தாளாக உட்காரட்டும் (மூலைச் சட்டம் மேல்வழியை மறிக்கும், அதனால் ரீப்பருக்கு முன்பே கீழ்வழியாக உள்ளே வைத்துவிடுங்கள்). பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அவ்வளவாக உப்பாது, பெட்டி சாய்சதுரமாகக் கோணாமலும் பிடித்துக்கொள்ளும். பாரமும் ஆணியை விட்டு ரீப்பர் மேல் வந்துவிடும்.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்: ரீப்பரின் வெளிமுகம் சுவரின் உள்முகத்தோடு ஒட்டியிருக்கும், ஆக துருத்துகிற பகுதியும் கீழ்ப்பெட்டி வாயின் அளவேதான் இருக்கும், இடமே இருக்காது. முடுக்குவதற்கு முன்பே அந்த 10 மி.மீ. பகுதியின் வெளிமுகத்தை மட்டும் 2 மி.மீ. இழைத்து எடுத்துவிடுங்கள், கீழ் விளிம்பையும் சரிவாக்குங்கள். இருட்டில் வைத்தாலும் பெட்டி தானாக வழுக்கி உள்ளே இறங்கும். அடுக்குகிற பெட்டிக்கு இறுக்கம் அழகு இல்லை, தாராளம்தான் அழகு.

நான்குமூலை எழுதியது:

ஆடுகிற பெட்டிக்கு நான் சொல்கிறேன். மூலைவிட்டம் அளந்தீர்களா? 400 × 300க்கு இரண்டும் சரியாக 500 வர வேண்டும். ஆனால் 500 வந்தாலே பெட்டி ஆடாது என்று நினைக்காதீர்கள், கோணம் சரியாக இருந்தும் விளிம்பு முறுக்கியிருக்கலாம்.

எந்தப் பெட்டியில் முறுக்கு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மேல்பெட்டியை மட்டும் அரைவட்டம் திருப்பி வைத்தால் பயனில்லை, முறுக்கு அப்படியே இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் வாய் கீழாகக் கவிழ்த்துக் கண்ணாடி மேசையிலோ கிரானைட் பலகையிலோ வையுங்கள், எதிரெதிர் மூலையில் மாறி மாறி அழுத்துங்கள். டக் டக் என்றால் வாய் விளிம்பு கோணல். பிறகு நிமிர்த்திவைத்து அதே சோதனை, ஆனால் ரீப்பரைக் கழற்றிவிட்டு, ஏனென்றால் பாரம் இறங்க வேண்டியது சுவரின் கீழ் விளிம்பில்.

சரிசெய்ய: சமதளப் பலகையில் 80 எண் உப்புத்தாள் ஒட்டி, விளிம்பு முழுக்கப் பென்சிலால் கோடு போட்டு, பெட்டியைக் கவிழ்த்துத் தேயுங்கள். உயர்ந்த மூலைகளில் கோடு முதலில் அழியும். நான்கு பக்கமும் ஒரே மாதிரி அழிந்ததும் நிறுத்துங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் இழைப்புளி போட்டு இழையுங்கள்.

புதுக்கை எழுதியது:

கவிழ்த்துப் பார்த்தேன், ஆடியது வாய் விளிம்புதான், அதுவும் கீழே இருந்த பெட்டியுடையது! மேல்பெட்டியைத்தான் இவ்வளவு நாள் சந்தேகப்பட்டேன். உப்புத்தாளில் தேய்த்ததும் நின்றுவிட்டது. இறுகுகிற இரண்டுக்கும் அடியை மாற்றப் போகிறேன். வார்னிஷ் அடித்தால் ஈரம் ஏறாதா? அடுத்த பெட்டிகளுக்குப் பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் கிடைக்கிறது, எடுக்கலாமா?

இழைப்புளி எழுதியது:

வார்னிஷ் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவே. அடித்தால் உள்ளும் புறமும் அடியுங்கள், வெட்டுமுனைகளுக்கு இன்னொரு பூச்சு, அங்கேதான் மரம் அதிகம் குடிக்கும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும்.

பேலட்டில் முத்திரை பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாததும் எண்ணெய்க்கறை உள்ளதும் வீட்டுக்குள் வேண்டாம். ஒளிந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்காமல் ரம்பம் வைக்காதீர்கள்.

நான்குமூலை எழுதியது:

நான்கையும் அடுக்கினால் ஒரு மீட்டர் உயரம் வரும், ஆழம் 300தான். கனமான புத்தகங்கள் அடிப்பெட்டியில் போகட்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மேல்பெட்டியை ஒரு எல் பட்டையால் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.