மறு: சர்வீஸ்-லேர்னிங் = தொண்டோடு கற்றல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைப் போட்டுவிட்டுப் பத்து நாளாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். மடல்களை எல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான மூன்று நாள் பயிலரங்குக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். மாணவர்கள் வெளியே ஓர் அமைப்போடு சேர்ந்து அதற்குத் தேவையான ஒரு வேலையைச் செய்வார்கள். அந்த வேலை பாடத்துக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்காது, பாடத்தின் உள்ளேயே இருக்கும். இப்படி ஒரு பாடத்தை எப்படி வடிவமைப்பது, நடத்துவது, மதிப்பிடுவது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவதுதான் பயிலரங்கின் வேலை. உள்ளே எழுதி முடித்தாயிற்று. இந்த முறைக்கு ஆங்கிலத்தில் சர்வீஸ்-லேர்னிங் என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நான் கேட்டிருந்த கேள்வி. அட்டையில் போடும் அந்தச் சொல்தான் இன்னும் அமையவில்லை.

> 'சேவைக் கற்றல்' என்றே போட்டுவிடலாமே. சின்னச் சொல், எல்லாருக்கும் புரியும்.

நானும் முதல் வரைவில் இதைத்தான் போட்டேன், ஐயா. தட்டச்சாகி வந்தபோது பாதி இடங்களில் 'சேவை கற்றல்' என்று இருந்தது. ஓர் ஒற்றுதானே என்று விட முடியவில்லை. 'தமிழ் கற்றல்' என்றால் தமிழைக் கற்பது. அதே போல 'சேவை கற்றல்' என்றால் சேவையைக் கற்பது. க் இருந்தால் சேவையால் வரும் கற்றல் என்று விரித்துக்கொள்ளலாம். க் விழுந்தால் சேவை செய்யப் பழகுவது என்று ஆகிவிடும். அச்சுப்பிழையில் முதலில் பலியாவது ஒற்றெழுத்துதான் என்பது இந்தக் குழுமத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் தலையில் ஒரு கலைச்சொல்லின் முழுப் பொருளையும் ஏற்றி வைக்கக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் இதே சண்டை ஒரு சின்னக் குறியை வைத்து நடந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ராபர்ட் சிக்மன். அவர் 1994-இல் இதை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். சர்வீஸ் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் தொண்டுதான் முதன்மை, கற்றல் பின்னால் வருவது. லேர்னிங் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் தலைகீழ். இரண்டும் சின்ன எழுத்தில், நடுவில் இணைகோடு இல்லாமல் இருந்தால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் பெரிய எழுத்தில், நடுவில் இணைகோட்டோடு இருந்தால் இரண்டும் சமம், ஒன்றை ஒன்று வளர்க்கும். பயிலரங்கில் நாம் சொல்லித்தருவது அந்தக் கடைசி வகையைத்தான். நமக்குப் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. இணைகோடு போட்டாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆகவே அந்த வேலையை நம் இலக்கணம்தான் செய்தாக வேண்டும்.

> 'சேவைவழிக் கற்றல்' என்றால் இந்தச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிடும்.

ஒற்றுச் சிக்கல் தீரும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு நாள் இதோடு வாழ்ந்தும் பார்த்தேன். 'வழி' என்றதும் 'தமிழ்வழிக் கல்வி' காதில் விழுகிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு. வழி என்றால் கடந்துபோகும் பாதை. போய்ச் சேரும் இடம் கற்றல், மிதித்துப் போகும் இடம் சேவை. அப்படியானால் அந்த அமைப்பும் அங்கிருக்கும் மனிதர்களும் மாணவரின் மதிப்பெண்ணுக்கான சோதனைக்கூடம் ஆகிவிடுகிறார்கள். இந்தத் துறையின் மேல் வரும் குற்றச்சாட்டுகளில் கனமானது இதுதான். குற்றச்சாட்டையே பெயராக வைத்துக்கொள்ள வேண்டுமா?

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். 'பெயரில் என்ன இருக்கிறது, பாடம் நன்றாக இருந்தால் போதாதா' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அவருக்கான பதில் எங்கள் முதல் நாள் காலைப் பயிற்சியில் இருக்கிறது.

புள்ளியியல் பாடம் ஒன்று. மாணவர்கள் ஒரு முதியோர் பகல்நேர மையத்துக்காகக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாணவர் குறிப்பேடுகளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் ஆசிரியர்களிடம் கொடுத்து, பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று கேட்போம். இரண்டும் பயிற்சிக்காக நாங்களே எழுதியவை. முதல் பக்கத்தில், 'அந்தப் பெரியவரின் கையைப் பிடித்தபோது கண் கலங்கியது, வாழ்க்கையின் அருமையை உணர்ந்தேன்' என்று போகும். இரண்டாவது பக்கம் வறட்டு நடை: 'வயது என்ற கட்டத்தில் பெரும்பாலும் 60, 65, 70, 75 என்றே விழுந்திருக்கிறது. இடைப்பட்ட எண்கள் அபூர்வம். பிறந்த ஆண்டு தெரியாதவர்கள் 0-விலோ 5-லோ முடியும் எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். மையத்தை நடத்தும் அம்மா, வயதைக் கேட்காதீர்கள், மூத்த பிள்ளைக்கு என்ன வயது, அவர் பிறந்தபோது உங்களுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள் என்றார். படிவத்தை மாற்றினோம்.'

வயதுகள் 0-விலும் 5-லும் குவிவது மக்கள்தொகையியலில் நன்றாகத் தெரிந்த பிழை, அதை அளக்கக் குறியீடுகளே இருக்கின்றன. இரண்டாவது மாணவர் அதைத் தானே கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு ஒரு மாற்றுவழியை, பல்கலைக்கழகத்தோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடமிருந்து கற்றும் இருக்கிறார். ஆனாலும் முதல் சுற்றில் கண் கலங்கியவருக்குத்தான் மதிப்பெண் அள்ளிப்போகும். ஏன் என்று கேட்டால், 'சேவை மனப்பான்மை தெரிகிறதே' என்பார்கள். அட்டையில் 'சேவை' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் ஆசிரியர் வேறு எதைத் தேடுவார்? மதிப்பெண் கற்றலுக்குத்தான், தொண்டுக்கு அல்ல என்று, இத்தகைய பாடங்களுக்காக ஜெஃப்ரி ஹோவர்டு என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1993-இல் வகுத்த நெறிகளில் முதல் நெறியே சொல்கிறது. அதை ஆசிரியர்கள் மனதில் பதிய வைக்க எங்களுக்கு அரை நாள் ஆகிறது. பெயர் கொஞ்சம் கைகொடுத்தால் ஒரு மணி நேரமாவது மிச்சம்.

சரி, மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> 'ஒப்புரவுக் கற்றல்'. வள்ளுவரே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்!

இதை எழுதிய அம்மாவுக்கு: உங்கள் மடலைப் படித்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அழகான சொல், யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கிறது. அப்புறம் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். முதல் குறளே 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்று தொடங்குகிறது. மழைக்கு உலகம் என்ன திருப்பிக் கொடுக்க முடியும் என்று கேட்கிறது. நம் பாடம் இதற்கு நேர் எதிர்த்திசை. இங்கே கைம்மாறு கட்டாயம். மாணவர் வேலையைக் கொடுக்கிறார், மையம் அறிவைக் கொடுக்கிறது. கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் அது நன்கொடை, பாடமாகாது. மாணவர்கள் தங்களை மழையாக நினைத்துக்கொண்டு போய் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே பயிலரங்கில் ஒரு முழு அமர்வு வைத்திருக்கிறோம். மனசே இல்லாமல்தான் இந்தச் சொல்லை விடுகிறேன்.

'நலப்பணி' வேண்டாம். 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டது. அது பாடத்துக்கு வெளியே நடப்பது, நாம் பேசுவது பாடத்துக்கு உள்ளே. 'களப்பணி'யைச் சமூகவியலும் மானிடவியலும் வைத்திருக்கின்றன. 'பணிவழிக் கற்றல்' என்று போட்டு ஆசிரியர்களுக்கு ஓர் அழைப்பு எழுதிப் பார்த்தேன்: 'பணிவழிக் கற்றல் பாடங்கள் குறித்த பணியிடைப் பயிற்சி.' படித்துக் காட்டியதும் வீட்டில் ஒருவர், 'வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கா?' என்றார். அதோடு அது முடிந்தது.

இப்போது என் முன்மொழிவு: தொண்டோடு கற்றல்.

காரணம் 'ஒடு'தான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்று ஒரு நூற்பா வருகிறது. இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்தால், ஒடு உருபு உயர்ந்தவர் பெயரோடு ஒட்டும். 'ஆசிரியரொடு மாணவர் வந்தார்' என்போம். வருவது இருவரும்தான், மரியாதை ஆசிரியருக்கு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் இணைகோடும் சேர்ந்து செய்வதை நம்முடைய ஓர் உருபு ஓசைப்படாமல் செய்துவிடுகிறது. வினை கற்றல், ஆகவே மதிப்பெண் கற்றலுக்கு. ஒடு தொண்டின் பக்கம் நிற்கிறது, ஆகவே மரியாதை அங்கே. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, ஒன்று மற்றொன்றுக்குப் பாதையாகவில்லை.

இன்றைய காதுக்கு அந்த உயர்வு கேட்குமா என்றால், பெரிதாகக் கேட்காது. ஆனால் 'கூடவே' என்பது கேட்கும். எனக்கு அது போதும்.

'தொண்டு' பழைய நெடி அடிக்கிறது, பக்தி வாடை வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வரட்டும். தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தனம் என்றும் பொருள் உண்டு. தொண்டு செய்பவர் கீழே நிற்கிறார், பெறுபவர் மேலே. 'சேவை' இன்று வாடிக்கையாளர் சேவை முதல் கைபேசிச் சேவை வரை இறங்கிவிட்டது, கொடுப்பவர் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். தொண்டு பெறுபவர்களே அந்தத் தொண்டு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும் என்பது சிக்மன் 1979-இல் எழுதிய மூன்று நெறிகளில் முதலாவது. கவுண்டர் இதற்குச் சரிப்படாது.

இன்னொரு வசதியும் இருக்கிறது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கையேடு ஆசிரியர்களுக்கானது அல்லவா? 'சேவைவழிக் கற்றலைக் கற்பிக்கக் கற்பித்தல்' என்று முதல் வரைவில் ஒரு தலைப்பு இருந்தது. வாயில் அரைத்தே தீராது. இப்போது 'தொண்டோடு கற்பித்தல்' என்றால் போதும். மாணவர் தொண்டோடு கற்கிறார், ஆசிரியர் தொண்டோடு கற்பிக்கிறார். 'இந்தப் பாடத்தைத் தொண்டோடு நடத்த முடியுமா?' என்றும் கேட்கலாம். வினையாக இப்படி வளையாத கலைச்சொல் புத்தகத்தோடு நின்றுவிடும்.

'ஆசிரியர் பயிற்சி' என்று மட்டும் எங்கும் போடாதீர்கள். அதைப் பார்த்தால் பள்ளி ஆசிரியராவதற்கான படிப்பு என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். நான் 'பேராசிரியர் பயிலரங்கு' என்று வைத்திருக்கிறேன். உதவிப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

> ரிஃப்ளெக்ஷனுக்குப் 'பிரதிபலிப்பு' சரியா?

ரிஃப்ளெக்ஷன் என்று இங்கே சொல்வது, மாணவர் தான் செய்ததைத் திரும்ப யோசித்துப் பார்த்து அதிலிருந்து கற்பதை. கண்ணாடி பிரதிபலிக்கும், ஆனால் அதற்கு யோசிக்கத் தெரியாது. எழுத்தில் 'மீள்நோக்கு' என்று போட்டிருக்கிறேன். ஆனால் பேசும்போது 'அசைபோடுதல்' என்றுதான் சொல்லப் போகிறேன். முதலில் விழுங்குவது, அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து மெல்வது. அனுபவத்திலிருந்து கற்பது எப்படி என்று டேவிட் கோல்ப் என்ற கல்வியியலாளர் 1984-இல் வட்டம் போட்டு விளக்கினார். அதன் முதல் இரண்டு கட்டங்களை, அதாவது அனுபவிப்பதையும் அதைத் திரும்ப எண்ணிப் பார்ப்பதையும், மாடு தினமும் செய்துகொண்டிருக்கிறது. குறிப்பேட்டில் கண் கலங்கிய மாணவரிடம், 'விழுங்கியாயிற்று சரி, அசைபோட்டீர்களா?' என்று ஆசிரியர் கேட்கலாம். 'மீள்நோக்கினீர்களா?' என்று யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மையத்தை நடத்தும் அம்மாவைக் கையேட்டில் எப்படிக் குறிப்பிடுவது? ஆங்கிலத்தில் கம்யூனிட்டி பார்ட்னர். 'பங்காளி' என்றால் சொத்துத் தகராறு ஞாபகம் வருகிறது. 'கூட்டாளி' என்றால் சேர்ந்து ஏதோ செய்து மாட்டிக்கொண்டவர் போல இருக்கிறது. 'இணையர்' என்றால் கல்யாணமே ஆகிவிடும். 'பயனாளி' என்று ஒருவர் எழுதியிருந்தார், அது மட்டும் வேண்டவே வேண்டாம், கற்றுக்கொடுத்தவரைப் போய்ப் பயனாளி என்பதா. இப்போதைக்குக் 'களத் துணைவர்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.

அன்புடன்.