அப்டேட்டுக்குப் பிறகு எழாத கணினிகள்: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், கணினி பழுது பார்ப்பவர்:

கணினியை மேசைமேல் இறக்கும்போதே தீர்ப்பையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்கள். "ஃபார்மேட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிடுங்கள்." என்ன ஆயிற்று என்று கேட்டால், "அப்டேட் ஆனது, அப்புறம் வரவில்லை" என்பதோடு சரி. இப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபார்மேட் தேவையே இல்லை என்பது என் கட்சி. கடை நடத்துகிறவன் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லைதான். ஃபார்மேட்டுக்குக் கூலி உண்டு, ஓர் அப்டேட்டை நீக்கியதற்குக் கூலி கேட்டால் "இதற்கா இவ்வளவு?" என்பார்கள்.

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தைய வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து அழைத்தார்கள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பில் போடும் கணினியோ நீலத்திரையில் நிற்கிறது. மழை தொடங்கியிருந்த நேரம். காலையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது. தொடக்கம் இப்படி அடுத்தடுத்துத் தடைபட்டால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போய்விடும். அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்தத் திரையில் கீபோர்டும் அசையவில்லை, மவுஸும் அசையவில்லை. முதலாளி ஆள் அனுப்பிப் புதுக் கீபோர்டு வாங்கிவந்து செருகியும் பார்த்துவிட்டார். அதுவும் ஊமை. "மதர்போர்டே போய்விட்டது தம்பி, வேறு கணினி பார்த்துக் கொடு" என்றார்.

மதர்போர்டில் ஒரு குறையும் இல்லை. அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2 பதிப்புகளுக்கு வந்த அப்டேட்டில் ஒரு பிழை இருந்தது. விண்டோஸுக்குள் இருக்கும்வரை யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக வேலை செய்யும். மீட்புத் திரைக்குள் போனால் இரண்டும் செத்துவிடும். பழுது நீக்குவதற்கென்றே உள்ள இடத்தில் கையைக் கட்டிப்போடுகிற பிழை! வெளியிட்டவர்களே அதை ஒப்புக்கொண்டு திருத்தமும் தந்தார்கள். தந்த தேதி அக்டோபர் 20. ஜவுளிக்கடைக்காரர் தீபாவளியன்று வரும் திருத்தத்துக்காகக் காத்திருக்க முடியுமா?

பிழை யூஎஸ்பியில்தான். அந்தக் கணினியின் பின்பக்கத்தில் பழைய வட்டத் துளை ஒன்று இருந்தது, பிஎஸ்-2 என்பார்களே, அது. என் கடைப் பரணில் ஊதா நிற முனையோடு பழைய கீபோர்டுகள் கிடக்கின்றன. வீட்டில் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிப் பல நாளாகச் சண்டை. ஒன்றை எடுத்துப் போய், கணினியை முழுதாக அணைத்து, செருகி, மறுபடி இயக்கினேன். (இயங்கும்போது செருகினால் அந்த வகை பெரும்பாலும் எடுபடாது, அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும்.) அம்புக்குறி விசைகள் உயிரோடு இருந்தன. பழுது நீக்கும் பகுதி, அதற்குள் மேம்பட்ட தேர்வுகள், அதற்குள் அப்டேட்டை நீக்கும் இடம். கடைசியாக வந்த மாதாந்திர அப்டேட்டை நீக்கியதும் விண்டோஸ் எழுந்துவிட்டது. பில் மென்பொருள், பார்கோடு ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தன. ஃபார்மேட் செய்திருந்தால் அவை ஒவ்வொன்றையும் மறுபடி பொருத்த அந்தக் கூட்டத்தில் யார் இடம் கொடுத்திருப்பார்கள்?

அங்கே இரண்டு தேர்வுகள் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஒன்று, மாதாந்திரத் திருத்தங்களை நீக்குவது. மற்றொன்று, பதிப்பே மாறியிருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புவது. இதற்கு வழக்கமாக 10 நாள்தான் கெடு. அதற்குள் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்று யாராவது பழைய விண்டோஸ் கோப்புறையைத் துடைத்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

2024 ஜூலை 19 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அத்தனை பெரிய அமளிக்கும் மருந்து, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கும் நிலை) நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழிப்பதுதான்.

இன்னொன்று, இது கடலோரத்துக்காரர்களுக்கு. முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து "அப்டேட் கெடுத்துவிட்டது" என்று வரும் கணினிகளில் நான் முதலில் ரேமைக் கழற்றுவேன். உப்புக்காற்றில் அதன் பொன்முனைகள் மங்கிப்போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் கொண்டு மெதுவாகத் தேய்த்துப் பொருத்தினால் பல நேரம் கணினி எழுந்துவிடும். அப்டேட் முடிந்து மறுதொடக்கம் ஆகும்போது பழுது வெளியே தெரிந்திருக்கும். பழி அப்டேட்டின் தலையில் விழுந்திருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்குகளும் அப்படியே. ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் டிஸ்க், அப்டேட் நேரத்தில் மூச்சுமுட்ட எழுதும்போதுதான் படுத்துவிடும். அதன்மேலேயே மறுபடி விண்டோஸ் போடுவது வீண்வேலை. இருக்கும் தரவையும் இழக்க நேரிடும்.

முத்தியால்பேட்டை, அச்சகம் நடத்துபவர்:

அண்ணன் சொல்வதை எங்கள் அச்சகத்தின் கதையோடு சேர்த்துப் படியுங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கான கல்யாணப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரம். அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை. வந்த பையன் கெட்டிக்காரன்தான்; டெஸ்க்டாப்பில் இருந்தவை, டாக்குமெண்ட்ஸில் இருந்தவை எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் பத்திரமாக எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தான். மாலையில் புதுக்கணினி போலத் திறந்து கொடுத்துவிட்டுப் போனான்.

பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தேன். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தாய்மாமன் பெயரும் அப்படி, மண்டபத்தின் பெயரும் அப்படி. கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை. எங்களைப் போன்ற பழைய அச்சகங்களில் இன்னும் யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) மாறாத எழுத்துருக்களில்தான் பாதி வேலை நடக்கிறது. பாமினி வகை எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளிக்காக உள்ளே கிடப்பது ஓர் அரைப்புள்ளிதான். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்தன. அவற்றை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது? அவன் பிறப்பதற்கு முன்பே வாங்கிய எழுத்துருக்கள் அவை. சில நிறுவனங்கள் இப்போது இருக்கின்றனவா என்பதே தெரியாது.

என் மாமா மகன் அரியாங்குப்பத்தில் இதே தொழில் செய்கிறான். அவனிடமிருந்து பெரும்பாலானவற்றை வாங்கிக்கொண்டேன். ஒன்றிரண்டு அலங்கார எழுத்துகள் கிடைக்கவே இல்லை. அந்தப் பத்திரிகைகளின் தலைப்பை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. தட்டச்சுப் பலகை வேறு. எனக்கு விரல் பழகியது பழைய தட்டச்சு முறை. புதிதாகப் போட்ட மென்பொருளில் தமிழ்99 என்ற வேறு விசையமைப்பு வந்து உட்கார்ந்திருந்தது. மாற்றித் தரும்வரை நான் கையால் எழுதிக் கொடுக்க, என் மகள் தட்டினாள்.

தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: எழுத்துரு இரண்டு இடங்களில் இருக்கும். எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக நிறுவியவை விண்டோஸ் கோப்புறையின் ஃபாண்ட்ஸ் பகுதியில். 2018-க்குப் பிறகான பதிப்புகளில் வெறுமனே நிறுவு என்று அழுத்தினால், அந்தப் பயனருக்கு மட்டும் என்று ஆப்டேட்டா (AppData) கோப்புறைக்குள் எங்கோ ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழுது பார்க்க வருகிறவரிடம் இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள்.

காலாப்பட்டு, ஆய்வு மாணவர்:

என்னுடையது விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்த கணினி. 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் "பாதுகாப்புக் கொள்கை மீறல்" என்று பொருள்படும் ஒரு வரி வரும். அடுத்த நொடி கணினி அணைந்துவிடும். பாதுகாப்பில்லாத பழைய தொடக்க நிரல்களைத் தடுக்கும் புதிய கொள்கை ஒன்று அந்த அப்டேட்டில் இருந்தது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளுக்கு அந்த மாற்றம் போகாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஆனால் சில கணினிகளை அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் காட்டியபோது, "லினக்ஸை அழித்துவிட்டால் பிரச்சினையே இல்லை" என்றார். என் ஆய்வுத் தரவு முழுவதும் லினக்ஸ் பக்கம். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட்டை, அதாவது தொடக்க நிரல் நம்பகமானதா என்று பார்க்கும் காவலை, நிறுத்தினால் லினக்ஸ் திறக்கும். உள்ளே போய் மோக்யூடில் என்ற கருவியால் அந்தப் புதிய கொள்கையை நீக்கும் கட்டளையைக் கொடுத்து, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, செக்யூர் பூட்டை மறுபடி இயக்கினேன். தீர்ந்தது.

ரெட்டியார்பாளையம், கணக்கர்:

மஞ்சக்குப்பத்து நண்பருடன் எனக்கு உடன்பாடில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்டேட் பாதியில் இருந்தபோது மின்சாரம் போனது. தெருவில் தண்ணீர் வடிந்து மின்சாரம் திரும்பிய பிறகு பார்த்தால், "மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்" என்று காட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்து கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டேன். மறுநாள் வேலை தொடங்கிவிட்டேன். பாதியில் அறுந்த அப்டேட்டை ஒட்டுப்போட்டு எழுப்பினால், அது அடுத்த மாத அப்டேட்டிலும் தகராறு செய்யும் என்பது என் எண்ணம்.

ஆனால் எனக்குத் தரவு எதுவும் சி டிரைவில் இருப்பதில்லை. டாலி என்ற கணக்கு மென்பொருளின் தரவுகள் தனி டிரைவில். அதன் நகல் வெளி டிஸ்க்கில். அந்த டிஸ்க் பீரோவின் மேல்தட்டில். தாமாக முன்வந்து ஃபார்மேட் செய்கிறவர்கள் டாலி உரிமத்தை முதலில் ஒப்படைத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு மறுபடி இயக்கும்போது தொல்லை குறைவு.

மஞ்சக்குப்பம், கணினி பழுது பார்ப்பவர்:

ஐயா சொல்வது அவருக்குச் சரி. நகல் வைத்திருக்கிறவர் எதைச் செய்தாலும் பிழைத்துக்கொள்வார். என்னிடம் வருகிறவர்களில் அப்படிப்பட்டவரைப் பார்ப்பது அபூர்வம். "ஃபோட்டோ எல்லாம் எதில் இருக்கிறது?" என்றால் "கணினியில்தான்" என்பார்கள், வேறெங்கே இருக்கும் என்பது போல.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. விண்டோஸ் தட்டுத்தடுமாறியாவது திறக்கிறது என்றால், அதே பதிப்பின் நிறுவல் கோப்பை இறக்கி, விண்டோஸுக்கு உள்ளிருந்தே இயக்கி, "கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். இயங்குதளம் மட்டும் புதிதாகும். எழுத்துருவும் டாலியும் இருந்த இடத்தில் இருக்கும். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால் இந்தத் தேர்வு கிடைக்காது, அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐயாவுடையது போல உள்ளே போகவே முடியாத கணினிக்கு இது உதவாது என்பதும் உண்மை.

லாஸ்பேட்டை, பள்ளி ஆசிரியர்:

அவசரம். அப்டேட்டுக்குப் பிறகு என் கணினி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதில்லை. வாங்கிய கடையில் கேட்டால் ஃபார்மேட் ஒன்றுதான் வழி என்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு நான் தயாரித்த வினாத்தாள்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன.

மஞ்சக்குப்பம், கணினி பழுது பார்ப்பவர்:

சார், ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். அது பிட்லாக்கர், டிஸ்க்கிலுள்ள தரவைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸின் வசதி. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் இணையக் கணக்கோடு உள்ளே நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். கைப்பேசியில் அதே கணக்குக்குள் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் தேடுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எழுத்துகள் அங்கே உள்ளதோடு பொருந்த வேண்டும். சாவி இல்லாமல் உள்ளே போக எந்தக் கடைக்காரராலும் முடியாது.

லாஸ்பேட்டை, பள்ளி ஆசிரியர்:

என் கணக்கில் ஒன்றும் இல்லை. வாங்கிய அன்று நடந்ததை நினைத்துப் பார்த்தேன். கடையில் இருந்த பையன், "சார், மெயில் ஒன்று வேண்டும், நானே போட்டுவிடுகிறேன்" என்று தட்டிக்கொண்டிருந்தான். மாலையில் பள்ளி விட்டதும் நேரே அங்கே போனேன். அவன் இப்போது வேறு கடையில் வேலை பார்க்கிறான். எண் வாங்கிப் பேசினேன். நல்ல பிள்ளை, பதற்றப்படாமல் தன் கைப்பேசியைப் பார்த்தான். அவன் பெயரிலுள்ள கணக்கில் என் கணினியோடு இன்னும் யார் யாருடைய கணினிகளின் சாவிகளோ வரிசையாகக் கிடந்தனவாம்! அடையாளத்தை ஒப்பிட்டு 48 இலக்கத்தையும் படித்துச் சொன்னான். என் மனைவி எழுதிக்கொண்டார். போட்டதும் விண்டோஸ் நேரே திறந்துவிட்டது. எதையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

வினாத்தாள்களை முதலில் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பையனின் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாற வேண்டும். மாறினால் பழைய சாவி செல்லுமா, அல்லது குறியாக்கத்தை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம், கணினி பழுது பார்ப்பவர்:

நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள் சார். முதலில் உங்கள் கணக்கை நிர்வாகி உரிமையோடு சேருங்கள்; பிறகு குறியாக்கத்தை அணையுங்கள். முழுதாக அவிழ நேரமாகும், நடுவில் மின்சாரம் போகாத நாளாகப் பாருங்கள். அவிழ்ந்த பிறகு உங்கள் கணக்கில் இருந்தபடி மறுபடி இயக்கினால் புதுச் சாவி உருவாகும். அது உங்கள் கணக்கில் வந்துவிட்டதா என்று கைப்பேசியில் பார்த்த பிறகே அந்தப் பையனின் கணக்கை எடுத்துவிடுங்கள்.