சௌட்டான் ஊர் அறிமுகம்: மூன்றாம் பக்கம் காலியாக இருக்கிறது

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் ரங்கூனிலிருந்து வணக்கம்.

நம் சௌட்டான் தமிழர் குழுவின் ஆண்டு மலருக்கு ஊரைப் பற்றி மூன்று பக்கம் எழுதித் தரச் சொல்லி சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருந்தார். வரலாறு, புவியியல், மக்கள்தொகை என்று தலைப்பையும் அவரே பிரித்துக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டும் ஒரே ராத்திரியில் முடிந்தன. மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து யாரும் ‘கியாக்டான்’ என்று அச்சடித்துவிட வேண்டாம். நம் வாயில் வருகிற சௌட்டான்தான் பர்மியர் சொல்வதற்குப் பக்கத்தில் நிற்கிறது. கல் வரிசை என்று அர்த்தம். ரங்கூனுக்குத் தென்கிழக்கே, பெகு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரான சிரியத்தையும் தாண்டிப் போக வேண்டும். தாழ்ந்த செம்பாறை மேட்டை விட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டியவரை நெல் வயல். 1993இல் சிரியம் பாலம் திறக்கும்வரை ஆற்றைப் படகில்தான் கடந்தோம். என் வயதுக்காரர்களுக்குப் படகில் வைத்துத் தின்ற மொய்ங்காதான், அந்த மீன் குழம்பு நூடுல்ஸ்தான், ஞாபகம் வரும்.

ஊரின் அடையாளம் ஹ்மோவுன் ஓடை நடுவே திட்டில் நிற்கும் யேலெ பயா என்ற புத்தர் கோயில். யே என்றால் தண்ணீர், லெ என்றால் நடு. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் மூழ்காது என்று பர்மியர் நம்புகிறார்கள். படித்துறையில் நின்று இரை போட்டால் கெளுத்தி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வாயைப் பிளக்கும். முதுகு தண்ணீருக்கு வெளியே பளபளக்கும். ஒவ்வொன்றும் குழந்தையின் தொடை கனம். பிடித்துத் தின்ன யாருக்கும் துணிவு வராது, கோயில் மீன்.

போன முறை சிட்னி அக்கா வந்தபோது அங்கே ஒரு கூத்து. வெளிநாட்டாருக்குத் தனிப் படகு, தனிக் கட்டணம். அக்கா சுத்தமான பர்மிய மொழியில், நான் பிறந்ததே இந்தக் கரையில்தான் என்று வாதாடினார். சீட்டுக் கொடுக்கும் பையன் ரசித்துக் கேட்டான், சிரித்தான், வெளிநாட்டுக் கட்டணத்தையே வாங்கினான். நான் உள்ளூர்ப் படகில் போய் அக்கரையில் காத்துக்கொண்டிருந்தேன்.

சரி, வரலாறு. பழைய வரலாறு எல்லாம் சிரியத்தோடு இறங்கிவிடும், பஸ் மட்டும்தான் நம் ஊர் வரை வரும். போர்த்துகீசிய தெ பிரித்தோ சிரியத்தை ஆண்டது, 1613இல் பர்மிய மன்னன் அவனைக் கழுவேற்றியது, 1756இல் பர்மிய மன்னன் அலாங்பயா ஊரைப் பிடித்தது, யெனாஞ்சாவுங் எண்ணெய் வயலிலிருந்து குழாயில் எண்ணெய் வந்து சேர்ந்த சுத்திகரிப்பு ஆலை எல்லாம் அங்கேதான். 1942இல் ஜப்பான்காரன் வருவதற்குள் வெள்ளைக்காரனே அந்த ஆலையைக் கொளுத்திவிட்டுப் போனான்.

நம் கதை நெல்லில் தொடங்குகிறது. அப்போது நாம் ஹந்தவாடி மாவட்டம், நம்மவர்கள் சொன்ன ஹம்சவதி. செட்டியார் கடைகள் நிலத்தின் பேரில் கடன் கொடுத்தன. 1930இல் நெல் விலை விழுந்தது, விவசாயியால் கட்ட முடியவில்லை. 1937-38 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்துவிட்டது. பலர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல, வராத கடனுக்கு வந்த நிலம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? மலரில் இதைப் பூசி மெழுக வேண்டாம் என்பது என் கட்சி. அதே வயல்களில் சேற்றில் நின்று நாற்று நட்ட தமிழரும் உண்டு, அவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

பிறகு 1942இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்த நடை, 1964இல் ராணுவ அரசின் கடைப் பறிப்பு. அந்த மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்றதும் தாத்தா ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க எழுந்திருக்கவில்லையாம். அதற்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பல். சென்னை வியாசர்பாடிக்குப் போனவர்கள், அங்கே ஒட்டாமல் தரைவழியே திரும்பப் பார்த்து மணிப்பூரில் மொரேயோடு நின்றுவிட்டவர்கள், எல்லோரும் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். 2008 நர்கிஸ் புயலில் ஓடு பறந்ததையும் 2015இல் திலாவா தொழிற்பேட்டை திறந்து வயல்காட்டுக்கு ஜப்பான்காரர்கள் வந்ததையும் இரண்டு வரியில் முடித்துவிட்டேன்.

இனி மக்கள்தொகை. 1931இல் வெள்ளைக்காரன் எடுத்த கணக்கில் பர்மா முழுக்க இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். 1941 கணக்கின் விரிவான ஏடுகள் போரில் போய்விட்டன. 2014 கணக்குப்படி சுற்றுக் கிராமங்களும் சேர்ந்த சௌட்டான் டவுன்ஷிப்பில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள். அதில் நாம் எத்தனை பேர்? மத வாரியாக 2016இல் வெளியிட்டார்கள், நாடு முழுக்க இந்துக்கள் 0.5 சதவீதம். இன வாரிக் கணக்கு வெளியே வரவில்லை.

அந்தக் கணக்கெடுப்பு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. தானாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய சின்ன முகம், மடியில் படிவக் கட்டு. வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கே என்றெல்லாம் மளமளவென்று கேட்டு எழுதினார். இனம் என்ற இடத்தில் எழுதுகிற கை நின்றது. அரசின் 135 இனப் பட்டியலில் தமிழர் இல்லை. அம்மா, “கலா என்று போட்டுக்கொள்ளேன் மகளே” என்றார் சிரித்துக்கொண்டே. இந்தியரைப் பர்மியர் இளக்காரமாகக் கூப்பிடும் பெயர் அது. ஆசிரியைக்குத்தான் முகம் சிவந்துபோயிற்று. கடைசியில் என்ன குறித்தார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

பிலிக்கான் முனீஸ்வரர் கோயில் தீமிதிக்கு வரும் கூட்டத்தை வைத்து எண்ணிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அங்கே பர்மியர்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள், புதுக் கார் வாங்கினால் முனியிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எப்படி எண்ணுவது?

அதனால் வேறு வழியில் இறங்கியிருக்கிறேன். சாயங்காலம் அம்மாவை உட்காரவைத்து, கப்பலுக்கு முந்தைய சௌட்டானில் படகுத்துறையிலிருந்து சந்தை வரை மனசுக்குள்ளேயே நடக்கச் சொல்கிறேன். இடது கைப் பக்கம் வட்டிக்கடை, ஒட்டினாற்போல் வெற்றிலைக் கடை, அப்புறம் பால்காரர் வீடு, பர்மியப் பெண்ணைக் கட்டிய தையல்காரர். வீட்டுக்கு எத்தனை தலை என்று நான் நோட்டில் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிந்தது.

வலது பக்கத்தில் ஒரு வீட்டில் கணக்கு இடிக்கிறது. ஓடைக்கரை திரும்பும் மூலை, நீலம் அடித்த மரப் படிக்கட்டு, கீழே வாத்துகள். அந்த வீட்டம்மா தீபாவளிக்கு இலையில் அதிரசம் கொடுத்துவிடுவாராம், அதுவரை அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை பிள்ளைகள், எந்தக் கப்பலில் போனார்கள் என்பது வரவில்லை. மொரேயில் இருக்கும் சித்தப்பாவோ வியாசர்பாடிப் பெரியம்மாவோ கேட்டுச் சொன்னால் நல்லது. மலர் அச்சுக்குப் போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.