எடை குறைக்கத் தொடங்கும் முன் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? இருமுறை முயன்று, குறைந்த எடை திரும்பிவிட்டது

கேள்வி: குடமுருட்டிக் கரை

வணக்கம். பாபநாசத்திற்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 43, உயரம் 155 செ.மீ., எடை 76 கிலோ. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை சோற்றை அடியோடு நிறுத்தி, இரவில் கொய்யாப்பழமும் மோரும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டே மாதத்தில் 7 கிலோ குறைத்தேன். இரண்டு முறையும் சம்பா அறுவடை வந்தபோது அத்தனையும் திரும்பிவிட்டது. அந்த நாட்களில் கணவர் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலிருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். அவருக்குப் பரிமாறும்போது நானும் இன்னொரு முறை சாப்பிட்டுவிடுவேன். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த சோற்றைக் கொட்டவும் எனக்கு மனம் வராது. நெல் விளைகிற வீட்டில் சோற்றைக் கொட்டலாமா என்று மாமியார் கேட்பார். அது நியாயமாகவே படும்.

தை மாதம் அண்ணன் மகளின் திருமணம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் 15 கிலோ குறைய வேண்டும் என்று நினைக்கிறேன். இம்முறை மனத்தையும் வீட்டையும் முன்பே எப்படித் தயார் செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், மயிலாடுதுறை

வணக்கம் சகோதரி. இரண்டு மாதம் சோறில்லாமல் இருந்த உங்களுக்கு மன உறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இரவு பத்து மணிக்கு என்ன செய்வது என்பதற்குத்தான் உங்களிடம் ஏற்பாடு இல்லை. ஆகவே அந்த நேரத்திலிருந்தே தொடங்குங்கள். கணவர் வரும்போது நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அவர் அருகில் அமர்ந்து பேசுங்கள், பரிமாறுங்கள். உங்களுக்கென்று ஒரு தம்ளர் நீர்மோர் போதும். இதை அவரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

சோற்றைத் தட்டில் குறைப்பதைவிட உலையில் குறைப்பது எளிது. ஓர் ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம் இருக்கும். அதில் 500 கலோரி அளவுக்கு இருக்கிறது. கண்ணளவில் அள்ளிப் போடாமல் ஆழாக்கால் அளந்து போடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் பாதி வைத்து, கேட்டால் மறுபடி போடுங்கள். அப்போது தட்டில் மிச்சம் விழாது, மாமியாரின் மனமும் நோகாது. பானையில் எஞ்சினால் நீரூற்றி வையுங்கள். காலையில் அது உங்கள் சாப்பாட்டிற்குக் கூடுதலாக அல்ல, காலை உணவாகவே இருக்கட்டும். சம்பாவுக்குப் பின் வயலில் எடுத்த பச்சைப்பயறும் உளுந்தும் வீட்டில் இருக்குமே, அவற்றையும், சாப்பிடுபவராக இருந்தால் முட்டையையும் மீனையும் கூட்டிக்கொள்ளுங்கள். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். பட்டினி கிடந்து குறைத்தபோது அதுவும் நேர்ந்திருக்கலாம்.

மூன்று மாதத்தில் 15 கிலோ என்பதை விட்டுவிடுங்கள். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது உங்களுக்கு நான்கு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குவதைப் பார்க்கலாம். முதல் வாரத்தில் வேகமாகக் குறைவது பெரும்பாலும் நீர்தான்; அடுத்த வாரம் அப்படிக் குறையாவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில்: நீடாமங்கலத்து விவசாயி

அக்கா, நான் நான்கு ஆண்டுகளில் 11 கிலோ குறைத்தேன், இன்றுவரை திரும்பவில்லை. நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று குடித்துவந்தேன். கணக்குப் பார்த்தால் அதுவே 35 கிராம் அளவுக்கு வந்தது. மாதம் அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்தேன், நாக்கு பழகிவிட்டது. நடையைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பிலும் ஆற்றங்கரையிலும் நடக்க முடியாது என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள். நான் முதல் ஆண்டு அதில்தான் விட்டேன். மறு ஆண்டு மழை நாட்களில் வீட்டுத் தாழ்வாரத்திலேயே அரைமணி நேரம் நடந்தேன்.

கேட்டவர்: குடமுருட்டிக் கரை

இருவருக்கும் நன்றி. இன்று ஐந்து ஆழாக்கு போடும் இடத்தில் நான்கு போட்டேன். யாருக்கும் குறையவில்லை, குண்டானின் அடியில் ஒரு கைப்பிடிதான் எஞ்சியது. கணவரிடமும் பேசினேன். இன்னொரு சந்தேகம்: எனக்கு ஆறு மாதமாகச் சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது. சோற்றைக் குறைத்தாலும் அதே அளவில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், மயிலாடுதுறை

இதைக் கேட்டது மிக நல்லது. சில மாத்திரைகளும் இன்சுலினும் உணவு குறையும்போது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். சில மாத்திரைகள் அப்படிச் செய்வதில்லை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அளவை மாற்றவும் வேண்டாம். மாத்திரை அட்டையையும், இப்போது எத்தனை ஆழாக்கு போடுகிறீர்கள் என்ற கணக்கையும் நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஏதும் வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, கால்மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒருமுறை குடித்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.