மறைநாணயம் வேண்டாம், ‘மறைக்காசு’ என்று எழுதலாம்

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழுவினருக்கு,

வேலூரிலிருந்து வணக்கம். பிட்காயின் போல இணையத்தில் மட்டுமே புழங்கும் ‘கிரிப்டோகரன்சி’ என்பதற்கு ‘மறைநாணயம்’ என்னும் சொல்லைப் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று கருத்து ஏறக்குறைய ஒன்றுபட்டுவிட்ட நேரத்தில் குறுக்கிடுகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன். இதுவரை நடந்த வாதமெல்லாம் சொல்லின் முற்பாதியைச் சுற்றியே இருந்தது. என் மறுப்பு பிற்பாதியின் மேல்.

முற்பாதியை முதலில் முடித்துவிடுகிறேன். ‘மறை’ என்றதும் படிப்பவர் ஒளித்துவைத்தல் என்று எண்ணிக்கொள்வார், ஆனால் பிட்காயினில் ஒளிவுமறைவு ஏதுமில்லை என்று பேராசிரியர் ஐயா எழுதியது முற்றிலும் சரி. 2009 ஜனவரி 3 அன்று உருவான முதல் கட்டத்திலிருந்து (‘பிளாக்’, கைமாற்றங்களைத் தொகுத்து எழுதும் பேரேட்டுப் பக்கம்) இன்று காலை வரை நடந்த ஒவ்வொரு கைமாற்றமும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய பேரேட்டில் இருக்கிறது. முகவரிக்குப் பின்னால் நிற்கும் ஆள் யார் என்பது மட்டும்தான் அதில் எழுதப்படுவதில்லை. ‘குறியாக்க நாணயம்’ என்று மாற்றினாலும் குறை தீராது, ஏனெனில் அந்தப் பேரேட்டிலுள்ள வரவுசெலவு எதுவும் குறியாக்கம் செய்யப்பட்டதன்று. மறையீட்டியலிலிருந்து (கிரிப்டோகிராஃபி) அங்கே எடுத்தாளப்படுபவை முக்கியமாக இரண்டு: இந்தத் தொகையைச் செலவிட எனக்கே உரிமை உண்டு என்று மெய்ப்பிக்கும் எண்ணிமக் (டிஜிட்டல்) கையொப்பம் ஒன்று, ஒரு கட்டத்தை முந்தைய கட்டத்தோடு பிணைத்து, நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அதற்குப் பின்னுள்ள அத்தனையும் பொருந்தாமல் போகும்படி செய்யும் ஹாஷ் கணிப்பு (தரவிலிருந்து அதன் கைரேகை போன்ற எண்ணை வடிக்கும் முறை) மற்றொன்று. மறைப்பதற்காக அன்று, மாற்ற முடியாமல் பூட்டுவதற்காகவே மறையீட்டியல் அங்கே வருகிறது. இதற்கு இலக்கணத்திலேயே ஒரு வழி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி ‘நாணயம்’. இச்சொல்லுக்குத் தமிழில் அச்சடித்த உலோகக் காசு என்ற பொருள் மட்டும் இல்லை. ‘நாணயமான ஆள்’, ‘நாணயம் தவறாதவர்’ என்று நாம் சொல்லும்போது பணமே பேச்சில் இல்லை. சொன்ன சொல் காக்கும் நேர்மை மட்டுமே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு நற்சான்றிதழை நாம் தமிழில் இலவசமாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இது வெறும் சொல்நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாமல் என் வீட்டிலேயே ஒன்று நடந்தது.

என் தங்கையின் கணவர் கொரோனாவுக்கு அடுத்த ஆண்டில், ஆற்காட்டுப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்தார். வாசலில் ‘டிஜிட்டல் நாணயம்’ என்று ஆளுயர ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்களாம். மேடையில் பேசியவர், “இதன் பேரிலேயே நாணயம் இருக்கிறது, வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?” என்று கேட்டதும் கைதட்டல் எழுந்ததாக மாப்பிள்ளை என்னிடம் பெருமையாகவே சொன்னார். அடுத்த வாரம் தங்கையின் காசுமாலை அடகுக்கடைக்குப் போயிற்று. துணைக்கு நானும் போயிருந்தேன். கடைக்காரர் மாலையைத் தராசில் இட்டுப் பார்த்ததோடு நிற்காமல், இருபத்திரண்டு காசுகளையும் ஒவ்வொன்றாக உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். அந்தப் பணத்தில் வாங்கிய ‘நாணய’த்தை யாரும் எந்தக் கல்லிலும் உரைக்கவில்லை. செயலியில் எண் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் செயலியே திறக்கவில்லை. பிறகு விசாரித்ததில் அது எந்தப் பேரேட்டிலும் இருந்ததில்லை, நடத்தியவர்களின் கணினியில் தட்டச்சு செய்த வெறும் எண் என்று தெரிந்தது. பிட்காயினையும் இதையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்று ஆர்வலர்கள் சொல்வது நியாயமே. ஆனால் ‘எண்ணிம நாணயம்’ போன்ற அகலமான சொற்கள்தாம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கின்றன என்பதை அவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாணியம்பாடி நண்பரின் எதிர்வாதம் இதைவிட வலுவானது. ‘நாணயம்’ என்ற பெயரை மறுப்பதே அரசின் பக்கமும் வங்கியின் பக்கமும் சாய்வதாகும் என்கிறார். 2016 நவம்பர் 8 இரவில், புழக்கத்திலிருந்த பண மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஒரே அறிவிப்பில் செல்லாததானதை அவர் நினைவூட்டுகிறார். எனக்கு நினைவூட்ட வேண்டிய தேவையில்லை. வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை மாட்டிய விடுதிகள் நெருங்கி நிற்கும் நம் காந்தி சாலைப் பக்கம், மருத்துவத்துக்காக வந்து தங்கியிருந்த குடும்பங்கள் கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்துக்கொண்டு தேநீர் வாங்க வழியில்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மாள் தாளை விரித்து வெயிலில் பிடித்துக் காந்தி படத்தைக் கடைக்காரருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். யாராலும் ஒரே இரவில் செல்லாததாக்க முடியாத பணம் ஒன்று வேண்டும் என்ற ஏக்கத்தை அதற்குப் பிறகு எப்படிப் பழிக்க முடியும்? வெளிநாட்டுக் கொள்முதலாளர் அனுப்பும் தொகை வங்கி வங்கியாகக் கைமாறி, கழிவுபோக நாட்கணக்கில் வந்து சேர்கிறது என்று காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் அவர் சொல்வதும் உண்மை. எனினும் ஏற்றுமதித் தொகை அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாகவே வர வேண்டும் என்பதுதான் இன்றைய விதி. ஆகவே அத்தொகையைப் பிட்காயினில் நேரடியாகப் பெறும் வசதி அவருடைய அலுவலகத்துக்கு ஏட்டளவில்தான்.

ஏக்கம் வேறு, பெயர் வேறு. பெயர் வைக்கும்போது பொருள் இன்று என்ன வேலை செய்கிறது என்பதையே பார்க்க வேண்டும். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகள் இத்துறைக்குச் சேவை வழங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது; 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ‘மெய்நிகர் எண்ணிமச் சொத்து’ என்று ஒரு வகையை உருவாக்கி, அது இந்தியச் செலாவணியும் அன்று, அயல்நாட்டுச் செலாவணியும் அன்று என்று வரையறைக்குள்ளேயே எழுதி, ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும், வரம்பைத் தாண்டிய கைமாற்றத்துக்கு 1 விழுக்காடு முன்பிடித்தமும் விதித்தது. பிட்காயின் கொடுத்து ஆம்பூரில் ஒரு பிரியாணி வாங்கினாலும் அது சட்டப்படி சொத்துக் கைமாற்றம். வாங்கிய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு வரி கட்ட வேண்டும். பிரியாணி ஆறிவிடும். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும், இது பணமன்று, ஆனால் உடைமையாக வைத்துக்கொள்ளத்தக்க சொத்து என்றே கூறியது. எல் சால்வடார் 2021இல் பிட்காயினைச் சட்டமுறைப் பணமாக்கியதை நண்பர் எடுத்துக்காட்டுகிறார். கடைக்காரர்கள் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை அந்நாடே 2025 ஜனவரியில் நீக்கிக்கொண்டது.

அரசு முத்திரை இல்லாமல் நாணயம் இருக்கவே முடியாது என்று குடியாத்தத்து வங்கி அலுவலர் அம்மையார் எழுதியதையும் நான் ஏற்கவில்லை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆற்காட்டு ரூபாயே அதற்குச் சான்று. நவாபின் இசைவோடு 1736இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அதை அடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியும் சென்னையில் அடித்தது. ஆற்காட்டைக் கண்ணால் பார்த்திராத வெள்ளியில் பாரசீக எழுத்தில் ஆற்காடு என்று பொறித்திருந்தது, சந்தையும் அதை ஏற்றது. எழுத்தை நம்பி அன்று, காசு மாற்றித் தரும் சராபுக்காரர் எடை பார்த்து, மாற்றுப் பார்த்துச் சொன்னதை நம்பி. அதற்கும் முன்னால் இந்த வேலையைச் செய்தவருக்குத் தமிழில் ‘வண்ணக்கர்’ என்று பெயர். சங்கப் புலவர் சிலருடைய பெயரிலேயே இந்த அடை இருக்கிறது. ‘வேலிடேட்டர்’ என்பதற்குச் ‘சரிபார்ப்பி’ என்று யாரோ முன்மொழிந்திருந்தீர்கள். கைமாற்றம் மெய்யா பொய்யா என்று சோதித்துப் பேரேட்டில் ஏற்றுபவரை வண்ணக்கர் என்றே அழைத்தால் என்ன? நெடுங்காலமாக வேலையில்லாமல் இருக்கும் சொல்லுக்கு ஒரு வேலை கிடைக்கும்.

ஆக, மாற்றாக நான் முன்வைப்பது ‘காசு’. சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அடுக்கின் அடித்தட்டில் இருந்த சிறு செம்புத் துண்டுக்குரிய இச்சொல்லுக்கு நேர்மை, பெருமை என்ற ஏற்றம் எதுவும் ஒட்டவில்லை. ‘செல்லாக்காசு’ என்று அதையே திருப்பிப் போட்டு வையவும் முடிகிறது. ஆர்வலரும் எதிர்ப்பாளரும் ஒரே சொல்லைக் கூச்சமின்றி ஆளலாம். இதைவிட முக்கியமானது காசுமாலைக் காசு. வடிவத்தில் அது காசு. ஆனால் அதைக் கொடுத்து யாரும் கத்தரிக்காய் வாங்குவதில்லை. விலை ஏறும் என்று வாங்கி வைக்கிறோம், இறங்கினால் வருந்துகிறோம், முடை வந்தால் அடகு வைக்கிறோம். பிட்காயினை இன்று வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் செய்வதும் இதைத்தான். காசு என்ற பெயரோடு, செலவழிக்கப்படாத சொத்தாக ஒரு பொருள் இருக்கலாம் என்பதைத் தமிழ் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது.

முன்பு சொன்ன இலக்கண வழி இதுதான். ‘மறைநாணயம்’ என்று எழுதினால் அது மறைகின்ற நாணயம் என்னும் வினைத்தொகையா, மறையால் ஆன நாணயம் என்னும் வேற்றுமைத் தொகையா என்பதை எழுத்து காட்டிக்கொடுக்காது, ஏனெனில் நகரம் அங்கே மிகுவதில்லை. வல்லினத்தில் தொடங்கும் ‘காசு’ காட்டிக்கொடுத்துவிடும். ஊறுகாய், சுடுகாடு போல ஒற்று மிகாமல் ‘மறைகாசு’ என்றால் அது மறையும் காசு. வெள்ளிக்கிண்ணம் போல ஒற்று மிகுந்து ‘மறைக்காசு’ என்றால் அது மறையீட்டு முறையால் ஆன காசு. ஒரு ககர ஒற்று பேராசிரியர் ஐயாவின் குறையைத் தீர்த்துவைக்கிறது. ஆகவே அச்சில் அந்த ஒற்றை விட்டுவிடாமல் காப்பது நம் பொறுப்பு.

மற்ற முன்மொழிவுகளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. ‘சங்கிலிக்காசு’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் சேர்த்துவிடும் சங்கிலித் திட்டங்களை நம் மாவட்டம் போதுமான அளவுக்குப் பார்த்துவிட்டது. ‘குறிக்காசு’ என்றால் குறி சொல்பவளுக்கு வைக்கும் தட்சணை என்று என் தாயார் எடுத்துக்கொண்டார்; நாளைய விலையை இன்றே சொல்லும் காணொளிக்காரர்களை நினைக்கும்போது அதில் ஓர் உண்மை இருந்தாலும் விட்டுவிடுவோம். ‘மறைவில்லை’ என்று வில்லையைச் (டோக்கன்) சேர்த்து முன்மொழிந்த இளைஞருக்கு என் பாராட்டு: சேர்த்துப் படித்தால் ‘மறைவு இல்லை’ என்றும் ஆகி, பேரேட்டின் இயல்பைச் சரியாகச் சொல்கிறது. சிலேடைக்கு நல்லது, அகராதிக்கு ஆகாது.

‘நாணயம்’ எங்கே போகும் என்றால், அதை ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரிலிருந்து பொதுமக்களிடையே வெள்ளோட்டம் விட்டுவரும் எண்ணிம ரூபாய் போன்றவற்றுக்கு ஒதுக்கி வைக்கலாம். அங்கே பின்னால் நின்று சொல் காக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார். காக்கவில்லை என்றால் ‘நாணயம் தவறினீர்கள்’ என்று கேட்கவும் முடியும்.

பட்டியலுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: “மறைக்காசு: எந்த ஒரு தனி நிறுவனத்தின் கையிலும் இல்லாமல், பலரால் வைத்துக்கொள்ளப்படும் பொதுப் பேரேட்டில் பதியப்பட்டு, மறையீட்டியல் கையொப்பத்தால் மட்டுமே கைமாறத்தக்க மதிப்பலகு.” ரூபாய்க்கோ டாலருக்கோ இணையாக ஒரு நிறுவனம் வெளியிடும் காசுகள் இந்த வரையறையின் முதல் தொடரில் இடிக்கும் என்பதை அறிவேன், அங்கே திருத்தம் சொல்லுங்கள். மாப்பிள்ளை வாங்கியது இதற்குள் எந்த வழியிலும் நுழைய முடியாது என்பதை மட்டும் நான் இருமுறை சரிபார்த்துவிட்டேன்.

அடுத்த பதிவாக ‘வாலட்’ வருகிறது. அதற்குப் ‘பணப்பை’ என்று வரைவில் இருக்கிறது. அதனுள் பணம் இருப்பதில்லை, பேரேட்டிலுள்ள நம் தொகையைச் செலவிடக் கையொப்பமிடும் திறவுகோல்தான் இருக்கிறது. தொலைந்தால் மாற்றுச்சாவி செய்து தர ஆளும் இல்லை. ‘சாவிக்கொத்து’ என்பதை முன்மொழிகிறேன். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
வேலூர் உறுப்பினர்