பின்-ஆன்-டிஸ்க் (சுழலும் தட்டில் சிறு கம்பியை அழுத்தித் தேய்க்கும் சோதனை) ரீடிங் தாறுமாறாக வருகிறது. இந்தத் தலைப்பிலேயே பிஎச்டி தொடரலாமா?

மதன்_மெக்:
வணக்கம். மெக்கானிக்கலில் முழுநேர பிஎச்டி, முதல் வருடம். கைடு கொடுத்த தலைப்பு: ஏ356 அலுமினியத்தில் 10 சதவீதம் சிலிக்கன் கார்பைடு துகள், ஸ்டிர் காஸ்டிங் (உருக்கிக் கலக்கி வார்ப்பது), எண்ணெய் இல்லாத உலர் தேய்மானம். டாகுச்சி எல்9 (ஒன்பதே ரன்னில் முடிக்கும் சோதனைத் திட்டம்); லோடு, வேகம், தூரம் என மூன்று காரணிகள். பின் 8 மி.மீ. விட்டம், 30 மி.மீ. நீளம். டிஸ்க் இஎன்31 எஃகு, கடினம் 60 எச்ஆர்சி (ராக்வெல் அளவு). 20 நியூட்டன், விநாடிக்கு 1 மீட்டர், 1000 மீட்டர், டிராக் (பின் தேய்க்கும் வட்டப்பாதை) விட்டம் 80 மி.மீ.

ஒரே கண்டிஷனில் திரும்ப ஓட்டினால் எடை இழப்பு 2 மி.கி.யிலிருந்து 5 மி.கி. வரை தாவுகிறது. பின்னின் உயரக் குறைவை அளக்கும் எல்விடிடி சென்சார் சில சமயம் மைனஸில் போகிறது. எங்கே தப்பு? அப்புறம், இந்தத் தலைப்பை நம்பி டிரைபாலஜியில் (உராய்வு, தேய்மானத் துறை) ஆராய்ச்சியாளராக நிலைக்க முடியுமா, இல்லை இப்போதே மசகெண்ணெய் பக்கம் போய்விடுவது நல்லதா?

உராய்வுக்காரன்:
முதல் சந்தேகம் பின் முகம் டிஸ்க்கில் முழுதாக உட்காரவில்லை என்பதுதான். தட்டை முகப் பின் ஒரு இழை சாய்ந்திருந்தாலும் ஓரம் மட்டும்தான் தொடும். முதல் சில நூறு மீட்டரில் தேய்வது அந்த ஓரம். நீங்கள் அளப்பது பொருளின் தேய்மானத்தை அல்ல, சாய்வை. டிஸ்க்கில் 400, பிறகு 800 எமரி ஷீட்டை ஒட்டி, குறைந்த லோடில் ஓட்டி முகத்தைச் சமமாக்குங்கள். அதன்பிறகு அசிட்டோனில் அல்ட்ராசோனிக், நன்றாக உலர்த்தி, எடை.

எல்விடிடி மைனஸ் போவதில் மர்மம் ஒன்றும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மி.கி. இழப்பு என்றால், அடர்த்தி சுமார் 2.7 எடுத்தால் 1.1 கன மி.மீ. அதை 50 சதுர மி.மீ. முகப்பரப்பால் வகுத்தால் உயரத்தில் குறைவது வெறும் 22 மைக்ரான். அலுமினியம் டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் விரியும்; 30 மி.மீ. பின் முழுதும் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 14 மைக்ரான் நீளும். தேய்மானத்தில் பாதிக்கு மேல் விரிவே விழுங்கிவிடுகிறது. பொடி இடையில் சிக்கினால் பின் இன்னும் தூக்கும். ஆகவே எல்விடிடி வளைகோட்டை வைத்துத் தேய்மான வீதம் எழுதாதீர்கள். எடையிலிருந்து கனஅளவு, அதை லோடு × தூரத்தால் வகுத்து எழுதுங்கள். மேலே உள்ள 3 மி.கி.க்கு 5.5 × 10⁻⁵ கன மி.மீ./நியூட்டன்-மீட்டர் வரும்.

எடையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிலிக்கன் கார்பைடு துகள் டிஸ்க்கைச் சுரண்டும், சுரண்டிய இரும்பு பின் முகத்தில் ஒட்டும். இரும்பின் அடர்த்தி ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே எடை இழப்பு குறைத்துக் காட்டும். ஈடிஎஸ்-இல் (என்ன தனிமம் என்று காட்டும் எக்ஸ்ரே ஆய்வு) பின் முகத்தில் இரும்பு இருக்கிறதா பாருங்கள், டிஸ்க் டிராக்கை புரொபைலோமீட்டரில் (மேடுபள்ளம் அளக்கும் கருவி) நாலு இடத்தில் அளந்து டிஸ்க் தேய்மானத்தையும் சேர்த்து எழுதுங்கள். பழைய டிராக்கில் அலுமினியம் படிந்திருக்கும், அதன் மேலேயே திரும்ப ஓட்டக்கூடாது. டிராக் விட்டத்தை மாற்றினால் ஆர்பிஎம்மையும் மாற்ற வேண்டும்: 80 மி.மீ.க்கு 239 என்றால் 60 மி.மீ.க்கு 318.

டயல் கேஜ் வைத்து டிஸ்க் ரன்-அவுட் (சுழலும்போது மேலும் கீழும் ஆடுவது) பார்த்தீர்களா? 239 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 4 சுற்று. உராய்வு விசையை விநாடிக்கு ஒரு ரீடிங் எடுத்தால் அந்த ஆட்டம் கண்ணிலேயே படாது. 100 ஹெர்ட்ஸாவது வையுங்கள்.

சித்ரா_டிரைபோ:
எமரி ஷீட் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தாளின் துகளே பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்துவிட்டால் அல்ட்ராசோனிக்கிலும் வராது. பிறகு எஸ்இஎம்-இல் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) தெரிகிற துகள் காஸ்டிங்கில் கலந்ததா, தாளிலிருந்து வந்ததா என்று எந்த ரெவ்யூவருக்கும் பதில் சொல்ல முடியாது.

தலைப்பு பற்றி. எல்9-இல் இரு காரணி இன்டராக்ஷன்கள் (இரண்டும் சேர்ந்து செய்யும் விளைவுகள்) தனி விளைவுகளோடு கலந்தே வரும். உலர் தேய்மானத்தில் முக்கியமானதோ லோடும் வேகமும் சேர்ந்து செய்கிற காரியம்தான்: ஒரு எல்லை வரை மைல்ட் (லேசான தேய்மானம்), தாண்டினால் சிவியர் (கடுமையானது). லிம், ஆஷ்பி 1987-இல் எஃகுக்கு வேர் மேப் (தேய்மான வரைபடம்) வரைந்தது அதற்காகத்தான். எல்9 போட்டால் ஒன்பது ரன்னில் சில எல்லைக்கு இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம் விழும். சராசரி எடுத்து "லோடின் பங்கு 60 சதவீதம்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது. நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து இப்படி வந்த பேப்பர்கள் ஏராளம், இன்னொன்று சேர்வதால் உங்களுக்கு வேலை கிடைக்காது.

பொருளை மாற்ற வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். வேகத்தை நிலையாக வைத்து லோடை 10 நியூட்டனிலிருந்து படிப்படியாக ஏற்றி, மைல்டிலிருந்து சிவியருக்குத் தாவும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு லோடுக்கும் குறைந்தது மூன்று பின், ரன் வரிசையைக் குலுக்கிப் போட்டு. டிஸ்க் அடியில் விழும் பொடியைக் கார்பன் டேப்பில் எடுத்து வையுங்கள்: கருத்த மாவு போல இருந்தால் ஆக்சைடு கலந்த மைல்ட், மினுமினுக்கும் தகடு போல இருந்தால் சிவியர். தாவலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பின்னைக் குறுக்கே வெட்டி, மேற்பரப்புக்கு அடியில் இரும்பும் அலுமினியமும் கலந்த அடுக்கு எவ்வளவு தடிமன், எங்கே பிய்கிறது என்று காட்டினால் நல்ல ஜர்னலில் நிற்கும்.

செக்கு_எண்ணெய்:
மசகெண்ணெய் பக்கம் சுலபம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். எல்லோரும் நான்கு-பந்து சோதனையில் நிறுத்திக்கொள்கிறார்கள்: 12.7 மி.மீ. எஃகுப் பந்து, 392 நியூட்டன், 1200 ஆர்பிஎம், 75 டிகிரி, 60 நிமிடம். ஆரம்பத்தில் அங்கே ஹெர்ட்ஸ் அழுத்தம் (பந்துகள் தொடும் இடத்தின் அழுத்தம்) சுமார் 3.4 கிகாபாஸ்கல். அதில் வடு சிறியதாக வந்த எண்ணெய், அழுத்தம் அதைவிட எவ்வளவோ குறைந்த பிஸ்டன் ரிங்கிலும் ஜெயிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முதலில் லாம்டா கணக்குப் போடுங்கள்: படலத் தடிமனை இரு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தது. 3-க்கு மேல் என்றால் பரப்புகள் தொடவே இல்லை, அங்கே பேச்சு பாகுநிலை பற்றித்தான். 1-க்குக் கீழே வந்தால்தான் எண்ணெயில் சேர்க்கும் சேர்மானத்தின் வேதியியலுக்கு வேலை.

தாவர எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பமிலம், ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கும், ஆனால் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். புங்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் உறையாது, ஆனால் சூட்டில் சீக்கிரம் கெடும். இந்த இழுபறியைத் தீர்க்க எஸ்டர் வேதியியல் தெரிந்த ஒரு கெமிஸ்ட் கூட இல்லாமல் இறங்காதீர்கள்.

மதன்_மெக்:
நன்றி. எமரி வேண்டாம் என்றால் முகத்தை எப்படி உட்கார வைப்பது, சித்ரா மேடம்?

சித்ரா_டிரைபோ:
அதே டிஸ்க்கில், சோதனைக்கு எடுக்காத வேறொரு டிராக்கில், 5 நியூட்டனில் ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் பின்னின் முகம் முழுக்க பெர்மனென்ட் மார்க்கர் பூசுங்கள். மை ஓரத்தில் மட்டும் போயிருந்தால் ஹோல்டரில் சாய்வு இருக்கிறது. ஓட்டி மழுப்பாமல் ஹோல்டரைக் கழற்றிச் சரி பண்ணுங்கள். முகம் முழுதும் மை போன பிறகு மிச்ச மையை அசிட்டோனில் துடைத்து, அல்ட்ராசோனிக் போட்டு, எடை எடுங்கள். அதன்பின் பின்னை ஹோல்டரில் திருப்பி மாட்டும்போது அதே கோணத்தில் மாட்ட வேண்டும். பக்கவாட்டில் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் போதும்.