புதுப்பிப்பு: ஃபிஜியில் ஒட்டி நிற்கும் உட்கருக்களை எண்ணுவது, தீர்வு கிடைத்தது

டாப்பி என்ற ஒளிரும் சாயமிட்ட செல் உட்கருக்களை, நுண்ணோக்கிப் படங்களை அலசும் ஃபிஜி மென்பொருளில் எண்ணினால், ஒட்டி நிற்பவை எல்லாம் ஒன்றாகவே கணக்காகின்றன என்று கேட்டிருந்தேன். கண்ணால் எண்ணினால் 112, மென்பொருள் சொன்னது 71. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வாட்டர்ஷெட் (ஒட்டியவற்றைக் கோடு போட்டுப் பிரிக்கும் கட்டளை) மட்டும் போட்டுப் பார்த்தேன். 140-ஐத் தாண்டிவிட்டது! ஓரம் பிசிறடித்த உட்கருவெல்லாம் இரண்டு மூன்று துண்டாகியிருந்தது. "த்ரெஷோல்டுக்கு முன்னாடி காசியன் பிளர் போடுங்க" என்று ஒருவர் எழுதியதுதான் பலித்தது. அதாவது, ஒளி அளவை வைத்து உட்கருவையும் பின்னணியையும் பிரிக்கும் த்ரெஷோல்டுக்கு முன், படத்தைக் கொஞ்சம் மழுப்பி ஓரங்களை மென்மையாக்குவது. இப்போது என் வரிசை: சப்ட்ராக்ட் பேக்கிரவுண்ட் (பின்னணி ஒளியைக் கழிப்பது), காசியன் பிளர் (மழுப்பும் அளவான சிக்மா 2), ஓட்சு த்ரெஷோல்டு (பிரிக்கும் எல்லையைத் தானே கணிக்கும் முறை), ஃபில் ஹோல்ஸ் (உள்ளே உள்ள ஓட்டைகளை நிரப்புவது), வாட்டர்ஷெட், பிறகு அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் (எண்ணி அளப்பது). பின்னணியைக் கழிக்கும்போது கேட்கும் ரோலிங் பால் ஆரம் மிகப் பெரிய உட்கருவின் ஆரத்தைவிடக் குறையக் கூடாது. நான் 50 பிக்சல் வைத்தேன். குறைந்தபட்சப் பரப்பளவு கொடுத்ததும் தூசுப் புள்ளிகளும் ஒழிந்தன.

விடை 109. விடுபட்ட மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பவை, எனக்கே சந்தேகம்தான்.

எதிர்பாராதது ஒன்று. எண்ணிக்கையோடு ஒளிச்செறிவையும் அளக்கலாமே என்று பார்த்தால், மங்கலான படமும் பளிச்சென்ற படமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. காரணம், ஒளி நிலைகள் அதிகமுள்ள 16 பிட் படத்தை, நிலைகள் குறைந்த 8 பிட்டாக மாற்றும்போது, அந்தந்தப் படம் திரையில் தெரியும் பிரைட்னஸ் எல்லையை வைத்து ஃபிஜி மதிப்புகளை நீட்டிவிடுகிறது. அதனால் இப்போது படத்தின் நகலில்தான் த்ரெஷோல்டு போடுகிறேன். எவற்றை அளப்பது என்று தேர்வு செய்யும் செட் மெஷர்மென்ட்ஸில் ரீடைரெக்ட் டு என்ற இடத்தில் மூல 16 பிட் டிஃப் படத்தைக் கொடுத்தால் அளவு அதிலிருந்தே வருகிறது.